தாங்கும்

கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் இருக்கும் தெருக்களில் ஒரு தடவை நடந்திருந்தால் நீங்களும் இதைப் பார்த்திருப்பீர்கள். கோல்டு ஃபிஷ், ஏஞ்சல், கப்பி எல்லாம் உள்ளே பெரிய தொட்டிகளில், ஏர் பம்ப் குமிழி விட, விளக்கு வெளிச்சத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். ஃபைட்டர் மீன்கள் மட்டும் கடை வாசலில். பிளாஸ்டிக் டம்ளர்களில், முடிச்சுப் போட்ட பாலித்தீன் பைகளில், பழைய ஜாம் பாட்டில்களில். ஒரு டம்ளருக்கு ஒரு மீன். ஒன்றையொன்று பார்த்துவிட்டால் செவுள் மூடியை விரித்துக்கொண்டு சீறும் என்பதால் நடுநடுவே அட்டைத் துண்டு செருகியிருப்பார்கள். "இதுக்குப் பம்பு வேணாமாண்ணே?" என்று யாராவது கேட்டால் ஒரே பதில்தான்: "வேணாம். இது தாங்கும்."

அந்தப் பதிலில் பொய் எதுவும் கிடையாது. சிக்கலே அதுதான்.

ஃபைட்டருக்குச் செவுள் போக இன்னோர் உறுப்பும் உண்டு. தலைக்குள், செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பாகச் சுருண்டிருக்கும். அதன் பெயர் லேபிரிந்த். மீன் மேலே வந்து வாயால் ஒரு மிடறு காற்றை எடுத்துக்கொள்ளும். அந்த மடிப்புகளில் இருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அதிலிருந்து ஆக்சிஜனை வாங்கிக்கொள்ளும். நம் ஊர் பனையேறிக் கெண்டைக்கும் இதே உறுப்புதான். குளம் வற்றினால் தரையில் ஊர்ந்து அடுத்த குளத்துக்குப் போகிற அதே கெண்டை. ஃபைட்டரின் சொந்த ஊர் தாய்லாந்து. அங்கே இதற்கு 'ப்லா கட்' என்று பெயர். கடிக்கிற மீன் என்று அர்த்தம். 2019-இல் அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. நெல்வயல், சதுப்பு, மெதுவாக ஓடும் வாய்க்கால் என்று வெதுவெதுப்பான, ஆக்சிஜன் குறைந்த நீரில் வாழ்ந்து பழகிய இனம். வயல்நீர் ஆழம் குறைவுதான். ஆனால் அகலம்? ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு, வாய்க்காலுக்கு, நாணலுக்குள். கோடையில் நீர் சுண்டி ஒரு குட்டையில் மாட்டிக்கொண்டால் மழை வரும்வரை பிழைத்துக் கிடக்கும். அந்தக் கோடைக் குட்டையைப் பார்த்துவிட்டுத்தான் நாம் இதன் வீடே ஒரு டம்ளர் அளவுதான் என்று முடிவுகட்டினோம்.

காற்றைக் குடிக்கத் தெரிந்த உறுப்புக்கு அமோனியாவை வடிகட்டத் தெரியாது. மீனின் கழிவில் பெரும்பகுதி செவுள் வழியாக அமோனியாவாகத்தான் வெளியேறுகிறது. முக்கால் லிட்டர் தண்ணீரில் அது எங்கே போகும்? அங்கேயேதான் சுற்றிச் சுற்றி வரும். மூச்சுக்கு வழி இருப்பதால் மீன் சாகாது. சாகாததால் யாருக்கும் எதுவும் தெரியாது.

எங்கள் வீட்டு ஃபைட்டரை வாங்கிவந்தது அப்பா. அம்மா இறந்து நாலாவது மாதம் அவரைத் துறையூரிலிருந்து சென்னைக்கு அழைத்து வந்தோம். அவருக்கென்று ஓர் அறையைக் காலி செய்து, அலமாரியில் இரண்டு தட்டு ஒதுக்கி வைத்திருந்தேன். "எனக்கு எதுக்கும்மா ரூமு? ஹால்ல ஒரு ஓரமா இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். ஹால் மூலையில் ஒரு பாய், பக்கத்தில் ஊரிலிருந்து கொண்டுவந்த ஏர் பேக். துணி அதிலிருந்து வெளியே வரும், துவைத்து மடித்து மறுபடி அதிலேயே போகும். அலமாரித் தட்டு இரண்டும் காலியாகவே கிடந்தன. என்ன வேண்டும் என்று கேட்டால் "எனக்கென்ன, எங்க போட்டாலும் கிடப்பேன்" என்பார். இதை அவர் வருத்தத்தோடு சொல்வதில்லை, ஒருவித பெருமையோடு சொல்வார் என்பதுதான் எனக்குத் தாங்காது.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைப்பயிற்சிக்குப் போய்விட்டு, கையில் ஒரு பாலித்தீன் பையோடு வந்தார். நீலமும் சிவப்பும் கலந்த நீண்ட வால். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து, கேன் தண்ணீரை ஊற்றி அதில் விட்டார். "குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கும்" என்றார். பெயர் வைக்கவில்லை. 'இவரு' என்பார். "இவரு இன்னிக்கு ஒரு உருண்டை குறைச்சுதான் சாப்பிட்டாரு."

மூன்று மாதம் கழித்துத்தான் நான் தொட்டிப் பேச்சை எடுத்தேன். 'இவரு' பாதி நேரம் பாட்டிலின் அடியில் படுத்தே கிடந்தார். வால் நுனி கறுத்து, ஓரம் பிசிறடித்திருந்தது. ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு தொட்டி வாங்கலாம், முப்பத்தைந்து லிட்டர் தண்ணீர் நிற்கும் என்றேன்.

"எதுக்கு? நல்லாத்தானே இருக்காரு. மூணு மாசமாச்சு, ஏதாவது கேட்டாரா?"

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? வாதாடுவதை விட்டுவிட்டு ஒரு பரிசோதனை கிட் வாங்கினேன். சின்னக் கண்ணாடிக் குழாயில் ஐந்து மில்லி தண்ணீர், அதில் இரண்டு புட்டிகளிலிருந்து சில சொட்டு, ஐந்து நிமிடக் காத்திருப்பு, பிறகு வண்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. மஞ்சளாக இருந்தால் அமோனியா இல்லை. பச்சை ஏற ஏற ஆபத்து.

குழாயைக் கையில் எடுத்ததும் அப்பாவின் முகம் மாறியது. அவர் முப்பத்தோரு வருடம் பேரூராட்சியில் டேங்க் ஆபரேட்டராக இருந்தவர். மோட்டார் போடுவது, வால்வு திறப்பது, மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்து விடுவது. பிறகு சைக்கிளில் கடைசித் தெருவுக்குப் போய், கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்து, ஆர்த்தோடொலிடின் சொட்டுவிட்டுப் பார்ப்பது. மஞ்சள் வந்தால் குளோரின் அதுவரை வந்து சேர்ந்திருக்கிறது. லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது கடைக்கோடியில் மிச்சம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. சின்ன வயதில் அந்தச் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்து நானும் போயிருக்கிறேன். குழாயை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். அன்று ஹாலில் டியூப்லைட்டுக்கு நேராக அதே மாதிரி தூக்கிப் பிடித்தார்.

கரும்பச்சை. அட்டையில் அதற்கு நேரே 4 என்று போட்டிருந்தது.

"மஞ்சளா வரணுமாக்கும்?"

"ஆமாப்பா."

பாட்டிலை ஒரு தடவை பார்த்தார். "இத்தனை நாளு இதுலயா?" என்றார். தொட்டிக்கான விவாதம் அத்தோடு முடிந்தது.

பிஎச் பார்த்தோம், 6.4. இங்கேதான் நான் சொல்ல நினைத்த விஷயம் வருகிறது. தொட்டி வாங்கிய அன்றே மீனை எடுத்து அதில் விட்டுவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். "தண்ணியெல்லாம் புதுசா மாத்தினேன், மறுநாளே செத்துப்போச்சு" என்று மீன் வளர்க்கிற பத்துப் பேரில் சிலராவது சொல்வார்கள். தண்ணீரை மாற்றாமல் விட்டவரை இருந்த மீன், மாற்றியதும் போய்விடுகிறது. ராசி என்பார்கள். அதற்குள் ஒரு எளிய வேதியியல் இருக்கிறது. அமோனியா தண்ணீரில் இரண்டு உருவத்தில் இருக்கும்: அவ்வளவாகத் தீங்கு செய்யாத அமோனியம் அயனி, செவுளை எரிக்கும் அமோனியா. எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பிஎச்தான். 25 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7-இல் நச்சு உருவம் நூற்றில் அரைப் பங்குதான். பிஎச் 8-க்குப் போனால் ஐந்து பங்குக்கு மேல். பத்து மடங்கு. கேன் தண்ணீரில் உப்பு குறைவு. மீன் வாழ வாழ அதன் பிஎச் எளிதில் இறங்கிவிடும். ஆக அப்பாவின் பாட்டிலில் அமோனியா கரும்பச்சையாக இருந்தும் மீன் உயிரோடு இருந்ததற்கு அந்தப் புளித்த தண்ணீரே காரணம். அதில் போய் நல்ல எண்ணத்தோடு எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றினால், இருக்கிற அமோனியா அப்படியே விஷமாகத் திரும்பும்.

அதனால் முதல் வேலையாக, மீனை இருக்கும் இடத்திலேயே வைத்து, பாட்டில் தண்ணீரில் தினமும் கால்வாசியை எடுத்துவிட்டு அதே கேன் தண்ணீரை ஊற்றினோம். பிஎச் துள்ளாமல் அமோனியா மட்டும் இறங்க வேண்டும். பச்சை வெளுத்து ஒரு வாரத்தில் இளம்பச்சைக்கு வந்தது. வால் நுனியின் கறுப்பும் அதற்குமேல் ஏறவில்லை.

மறுபக்கம், காலித் தொட்டி. இதை வைக்க வீட்டில் ஒரே ஓர் இடம்தான் சரிப்பட்டது. நீரும் மணலும் கண்ணாடியும் சேர்ந்து நாற்பது கிலோவுக்கு மேல் வரும், உறுதியான மேசை வேண்டும். நேர்வெயில் படக்கூடாது, பாசி பிடிக்கும். பிளக் பாயிண்ட் பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லாம் கூடிவந்தது ஹால் மூலையில், அப்பாவின் பாய் இருந்த இடத்தில். "அதுக்கென்ன, நான் நகந்துக்கறேன்" என்றார். பாயும் ஏர் பேக்கும் உள்ளறைக்குப் போயின.

மீன் இல்லாத தொட்டிக்குத் தினமும் ஒரு சிட்டிகை மீன்தீனி போடுவதைப் பார்த்து என் கணவர் ஒன்றும் சொல்லாமல் கடந்துபோனார். அப்பா கேட்டார். விளக்கினேன். தீனி அழுகி அமோனியா வரும். அமோனியாவைத் தின்று நைட்ரைட்டாக்க ஒரு வகை பாக்டீரியா உண்டு, நைட்ரோசோமோனாஸ் மாதிரி. அந்த நைட்ரைட்டும் விஷம். அதைத் தின்று அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்ற நைட்ரோஸ்பைரா மாதிரி இன்னொரு வகை. இவை தண்ணீரில் மிதப்பதைவிட ஃபில்டர் ஸ்பாஞ்ச், மணல், கண்ணாடி என்று பரப்புகளில் ஒட்டித்தான் குடியேறும். அதற்குப் பல வாரம் ஆகும். அலுவலக நண்பர் ஒருவர் தன் பழைய தொட்டியிலிருந்து அழுக்கேறிய ஸ்பாஞ்சில் ஒரு துண்டை வெட்டித் தந்தார்; உறைக்குத்தும் மோர் மாதிரி அது. அதைக் கழுவிவிடக் கூடாது. குழாய்த் தண்ணீரையும் குளோரின் எடுக்காமல் ஊற்றக்கூடாது, அத்தனை பாக்டீரியாவும் போய்விடும்.

அப்பா சிரித்துவிட்டார். சென்னைக்கு வந்தபின் அவர் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன். "சர்வீஸ் பூரா பாக்டீரியாவைக் கொல்லச் சம்பளம் வாங்கினேன். இப்போ ரிட்டையர் ஆனப்புறம் வளக்கச் சொல்றே."

குளோரின் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். காலையில் வரும் மெட்ரோ தண்ணீரை அகலவாய் அண்டாவில் பிடித்து ஒரு ராத்திரி திறந்து வைப்பார். கடையில் விற்கும் ஆன்டி குளோரின், அதாவது சோடியம் தயோசல்ஃபேட், இரண்டு கல் போட்டால் நொடியில் வேலை முடியும் என்று சொன்னேன். அதையும் போடுவார், ராத்திரியும் வைப்பார். இரண்டில் ஒன்று போதும் என்பதை ஒப்புக்கொள்ளவே இல்லை.

நான் பக்கத்துத் தெரு பாதாம் மரத்தடியிலிருந்து காய்ந்து உதிர்ந்த இலை இரண்டைப் பொறுக்கிக் கழுவித் தொட்டியில் போட்டபோதுதான் உண்மையான சண்டை வந்தது. நாட்டு வாதுமை இலையில் இருந்து டானின் இறங்கித் தண்ணீர் டீத்தண்ணி நிறத்துக்குப் போகும். ஃபைட்டர் வாழும் சதுப்பு நீரும் அழுகும் இலைதழையால் இப்படித்தான் பழுப்பேறி இருக்கும் என்பதால் மீன் வளர்ப்பவர்கள் பரவலாகப் போடுகிறார்கள். அப்பாவுக்கோ கலங்கல் தண்ணீர் என்றால் குடத்தோடு பேரூராட்சி வாசலில் நிற்கும் ஜனங்கள். "நிறம் இருந்தா கம்ப்ளெயின்ட் வரும்மா" என்றார், மிகத் தீவிரமாக. "யாருப்பா கம்ப்ளெயின்ட் பண்ணப் போறா?" என்றேன். இரண்டில் ஒரு இலையை எடுத்துவிட்டோம்.

அந்த வாரம்தான், நான் ஆபீஸ் கிளம்பும்போது, "வரும்போது ஒரு நோட்டு வாங்கிட்டு வா" என்றார். "கோடு போட்டது. நீளவாக்குல, பழைய ரெஜிஸ்தர் மாதிரி." இந்த வீட்டில் அவர் என்னிடம் கேட்டு வாங்கிய முதல் பொருள் அது. மூன்று கடை ஏறி இறங்கி வாங்கினேன்.

தேதி, நேரம், வெப்பம், பிஎச், அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், ரிமார்க்ஸ் என்று ஸ்கேல் வைத்துப் பத்தி பிரித்தார். இரண்டாவது வாரம் அமோனியா ஏறியது. மூன்றாவது வாரம் அது இறங்க, நைட்ரைட் குழாய் கத்தரிப்பூ நிறத்துக்குப் போய் நகராமல் நின்றது. எனக்கு அலுத்துவிட்டது, அவருக்கு அலுக்கவில்லை. ஐந்தாவது வார முடிவில் வழக்கமான சிட்டிகைத் தீனி போட்டு இருபத்துநாலு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அமோனியா மஞ்சள், நைட்ரைட் வெளிர்நீலம், இரண்டும் பூஜ்யம். நைட்ரேட் மட்டும் ஆரஞ்சு. தொட்டித் தண்ணீரில் பாதிக்கு மேல் மாற்றினோம். அதற்குப் பிறகு ஒரு வாரம், பாட்டிலில் தினமும் கேன் தண்ணீருக்குப் பதில் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தோம். கடைசி நாளில் பாட்டில் பிஎச்சும் தொட்டி பிஎச்சும் ஏறக்குறைய ஒன்றுக்கு வந்திருந்தன.

நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு எல்லாவற்றையும் மாற்றுவதை மைக்ரேஷன் என்போம். ஆறு மாதத் தயாரிப்பு, அரைமணி நேர மாற்றம். அந்த அரைமணி நேரத்தில் ஒன்றுமே நடக்காமல் போனால்தான் வேலை சரியாக நடந்தது என்று அர்த்தம். மீனை மாற்றிய மாலையைப் பற்றியும் எனக்குச் சொல்ல அதிகமில்லை.

அன்று அவருக்குத் தீனி போடவில்லை. ஏழு மணிக்கு ஹால் விளக்கை அணைத்து, தொட்டி விளக்கையும் அணைத்து, சமையலறை வெளிச்சத்தில் வேலை செய்தோம். வலை வேண்டாம் என்று முன்பே பேசியிருந்தோம். அந்த மாதிரி நீள வால் வலைக் கண்ணியில் மாட்டினால் கிழியும். ஒரு பிளாஸ்டிக் டம்ளரைப் பாட்டில் வாயில் சாய்த்து மெல்ல ஊற்றி அவரையும் தண்ணீரையும் சேர்த்து வாங்கினோம். டம்ளரைத் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டோம், வெப்பம் சமமாக. அப்புறம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு கரண்டி தொட்டித் தண்ணீர் டம்ளருக்குள். கரண்டி அப்பாவின் கையில். நேரம் சொல்வது நான். ஐந்தாவது முறைக்குப் பிறகு டம்ளரின் விளிம்பைத் தண்ணீருக்குள் அமிழ்த்திச் சாய்த்துப் பிடித்தார். நாம் தள்ளக்கூடாது, அவரே வெளியே வரட்டும். வந்தார். டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரைத் தொட்டியில் கலக்காமல் செடிக்கு ஊற்றினோம்.

மூடி முக்கியம். ஃபைட்டர் துள்ளும். அதோடு, தண்ணீருக்கு மேலே இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு மூடி வைத்தால் அவர் குடிக்கிற காற்றும் வெதுவெதுப்பாக, ஈரமாக இருக்கும். மூன்று பக்கக் கண்ணாடிக்கும் வெளியே தாள் ஒட்டினோம். இல்லையென்றால் தன் பிம்பத்தோடேயே சண்டை போட்டு ஓய்ந்துவிடுவார். ஸ்பாஞ்ச் ஃபில்டரின் காற்றையும் பாதியாகக் குறைத்தோம். அழகுக்காக மனிதன் வளர்த்தெடுத்த வால் அது, நீரோட்டம் இருந்தால் அதை இழுத்துக்கொண்டு நீந்தமுடியாது.

முதல் இரண்டு நாள் செடிக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை. தீனி தொடவில்லை. முப்பத்தைந்து லிட்டரில் ஓரடி மூலைக்குள்ளேயே நின்றார், பாட்டில் அளவு இடத்தில். அப்பா நாற்காலியைத் தொட்டிக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டாம் நாள் இரவு, "பழைய பாட்டில்லயே விட்டிருக்கலாமோ?" என்று கேட்டார். கண்ணாடிக் குழாயைக் காட்டினேன். மஞ்சள். "மஞ்சள்தான்…" என்று இழுத்தார்.

நாலாம் நாள் நீரின் மேல், செடியோரத்தில், நுரைக்கூடு கட்டியிருந்தார். மீன் சந்தோஷமாக இருப்பதற்கு அது அடையாளம் என்று பலர் சொல்கிறார்கள். ஆண் ஃபைட்டர் இனப்பெருக்கத்துக்குத் தயாரானால் கட்டும் கூடு அது, அவ்வளவுதான். பச்சைத் தண்ணீர்ப் பாட்டிலிலும் இவர் இரண்டு முறை கட்டியிருக்கிறார். அப்பா கேட்டபோது அதையும் சொன்னேன்.

"அப்போ நல்லாருக்காரான்னு எப்படித்தான் தெரிஞ்சுக்கறது?"

"அமோனியா பூஜ்யம். நைட்ரைட் பூஜ்யம். நைட்ரேட் 20. வால்ல புதுசா நிறமில்லாம கண்ணாடி மாதிரி ஒரு ஓரம் வளருது பாருங்க, அது நல்லது."

"அது சரி" என்றார்.

உள்ளறையில் ஏர் பேக் அலமாரியின் மேல்தட்டில் ஏறியிருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை. கீழ்த்தட்டில் ஆன்டி குளோரின் டப்பா, டெஸ்ட் கிட், வெப்பமானி, தீனி, எல்லாம் வரிசையாக. ஹார்லிக்ஸ் பாட்டிலில் உலர்ந்த பாதாம் இலைகள். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்ற வேண்டும், அதற்கு ஞாயிற்றுக்கிழமை என்னைக்கூட எழுப்புவதில்லை.

நேற்று ரெஜிஸ்தரைப் புரட்டினேன். அந்தச் சாய்ந்த கையெழுத்தில் கடைசியாக எழுதியிருந்தது: காலை 6.40. வெப்பம் 27. உருண்டை 3, மூன்றும் சாப்பிட்டார். ரிமார்க்ஸ் பத்தியில்: நாலாவது கேட்டார். போடவில்லை.